ஊசி ஒன்று, ஹெட் இருபது: ஊட்டியில் ஒரு திருப்பூர்க் குடும்பம்

திருப்பூரில் ஆயுத பூஜை என்றால் மிஷின்களுக்குத்தான் முதல் மரியாதை. பி.என். ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன யூனிட்டிலும் அப்படித்தான். 20 ஹெட் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷினுக்குச் சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்து, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, பொரி கடலை படைத்தார்கள். வேலை பார்க்கும் ஆறு பேருக்கும் புதுத்துணியும் ஸ்வீட் பாக்ஸும் கொடுத்தாயிற்று.

சாமி கும்பிட்டுக் கொண்டிருக்கும்போதே முதலாளியின் செல்போனில் வாட்ஸ்அப் சத்தம் கேட்டது. தெரிந்த எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றின் மெர்ச்சண்டைசர் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக ஒரு பார்டர். கோணம் கோணமாக அடுக்கிய வேலைப்பாடு. கீழே ஒரு வரி: "அண்ணா, ஸ்வெட்ஷர்ட் நெஞ்சுல இந்த பார்டர் வேணும். 4000 பீஸ். பஞ்சிங் பண்ணி சாம்பிள் குடுங்க."

அவருக்கு நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது. 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு திருப்பூரில் ஆர்டர்கள் தள்ளிப் போயின. எக்ஸ்போர்ட் கம்பெனிக்கே ஆர்டர் நின்றால், அவர்களை நம்பி ஜாப் ஒர்க் செய்யும் சின்ன யூனிட் என்ன செய்யும்? மிஷின் வாங்கிய கடனுக்கு மாதத் தவணை மட்டும் நிற்கவில்லை. இந்த நேரத்தில் 4000 பீஸ் என்பது சாமியே கொடுத்த வரம்.

மனக்கணக்கு உடனே ஓடியது. பார்டர் சுமார் 15 ஆயிரம் ஸ்டிச். நிமிடத்துக்கு 750 ஸ்டிச் ஓட்டினால் 20 நிமிடம். 20 ஹெட்டில் 20 பீஸ். அதாவது நிமிடத்துக்கு ஒரு பீஸ். ஃபிரேம் மாற்றுவது, நூல் அறுவது எல்லாம் சேர்த்தாலும் ஒரு வாரத்து வேலை.

"என்னங்க, பாப்பாவுக்குக் காலாண்டு லீவு முடியப் போகுது. ரெண்டு நாள் ஊட்டிக்குப் போயிட்டு வந்துடலாமுங்களா?" என்று மனைவி கேட்டபோது, ஆர்டர் வந்த சந்தோஷத்தில் அவர் மறுபேச்சே பேசவில்லை. வெள்ளிக்கிழமை அதிகாலை மனைவி, ஒன்பதாவது படிக்கும் மகள், அப்பத்தா என்று நான்கு பேரோடு கார் கிளம்பியது.

அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம்

திருப்பூர்க்காரர்களுக்கு ஊட்டி பக்கத்து வீடு மாதிரி. அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போய்விட்டால் அங்கிருந்து மலை ஏற்றம்தான். காலையில் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்கு மேலே இருக்கலாம்.

ஆனால் முன்பு போல நினைத்தவுடன் கிளம்ப முடியாது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, 2024 மே 7 முதல் நீலகிரிக்குப் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். மகள் முதல் நாள் ராத்திரியே செல்போனில் எடுத்து வைத்திருந்தாள். அப்பத்தா எடுத்து வைத்த தண்ணீர் பாட்டில்களைத்தான் இறக்க வேண்டியதாயிற்று. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கு மலையில் தடை. "சரி, நம்ம செம்பும் எவர்சில்வர் தூக்கும் எதுக்கு இருக்குது?" என்று அப்பத்தா புளிச்சோற்றையும் தண்ணீரையும் அதிலேயே எடுத்துக் கொண்டார்.

கல்லாறு தாண்டி வளைவுகளில் ஏறும்போது மரத்தின் இடையில் மலை ரயில் தெரிந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். 1899ல் குன்னூர் வரையும், 1908ல் ஊட்டி வரையும் ஓடத் தொடங்கிய ரயில். 2005ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. மகள் கை காட்டினாள். ரயிலில் இருந்தவர்களும் கை காட்டினார்கள்.

ஊர்ப் பேரே அவர்களுடையது

ஊட்டி பெரிய ஊர் என்று பலரும் நினைக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 88 ஆயிரம் சொச்சம்தான். சீசனில் வருகிற கூட்டம்தான் அதைப் பெருநகரம் போலக் காட்டுகிறது. அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு, தாங்கள் நிற்கிற ஊரின் பேர் எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

தோடர்களின் குடியிருப்புக்கு 'மந்து' என்று பெயர். அப்படி ஒரு மந்தின் பேர்தான் வெள்ளைக்காரர்கள் வாயில் மாறி, சுருங்கி 'ஊட்டி' ஆனது. தமிழில் 'உதகமண்டலம்' ஆனது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822ல் இங்கே தன் கல் பங்களாவைக் கட்டத் தொடங்கினார். எருமை மேய்ந்த புல்வெளியில் பங்களா வந்தது, தோட்டம் வந்தது, ஏரி வந்தது, பிறகு நாம் வந்தோம்.

தமிழ்நாட்டில் மிகவும் நலிவடைந்த பழங்குடிகள் என்று அரசு பட்டியலிட்டிருப்பது ஆறு சமூகங்களை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். இந்த ஆறு பேருமே நீலகிரியில் வாழ்கிறார்கள். அதில் தோடர்கள் மொத்தமே சுமார் 2000 பேர்தான். திருப்பூரில் ஒரு பெரிய கம்பெனியின் ஷிப்ட் முடிந்து கேட்டைத் தாண்டும் கூட்டம் இதைவிட அதிகமாக இருக்கும்.

தோட்டத்துக்கு மேலே ஒரு மந்து

எல்லாரையும் போல இவர்களும் முதலில் போனது தாவரவியல் பூங்காவுக்கு. 1848ல் உருவான பூங்கா. கல்லாகிப் போன மரம், கண்ணாடி மாளிகை, புல்வெளி என்று போட்டோ எடுத்து முடித்த பிறகு மகள் கேட்டாள்: "அப்பா, மேல தோடர் மந்து இருக்குன்னு போட்டிருக்கே, போலாமா?"

பூங்காவின் மேட்டுப் பக்கம் ஏறினால் அந்த மந்து வருகிறது. தோடர்களின் பழைய வீடு பாதி பீப்பாயைக் கவிழ்த்து வைத்தது போல வளைந்திருக்கும். மூங்கிலும் பிரம்பும் வளைத்து, மேலே புல் வேய்ந்த வீடு. வாசல் மிகச் சின்னது. குனிந்து கூடப் போக முடியாது, தவழ்ந்துதான் போக வேண்டும். குளிருக்கும் காற்றுக்கும் அதுதான் தோது. இன்று பெரும்பாலான தோடர்கள் சாதாரண ஓட்டு வீடுகளிலும் கான்கிரீட் வீடுகளிலும்தான் இருக்கிறார்கள். பழைய வடிவில் அதிகம் மிஞ்சி நிற்பவை கோயில்களே.

மகள் செல்போனைத் தூக்கியதும் அப்பத்தா தடுத்தார். "கண்ணு, நம்ம வீட்டு வாசல்ல வந்து ஒருத்தன் கேக்காம போட்டோ புடிச்சா நீ சும்மா இருப்பியா? கேட்டுட்டு எடு."

கேட்டாள். வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், "வீட்டை எடுத்துக்கோ பாப்பா, கோயில் பக்கம் போகாத" என்று சொல்லிவிட்டு மடியில் இருந்த துணியில் மறுபடி ஊசியைக் குத்தினார்.

எம்பிராய்டரிக்காரர் நின்றுவிட்டார். மடியில் இருந்தது வெள்ளைத் துணி. சிவப்பு, கறுப்பு நூல். கோணம் கோணமாக அடுக்கிய வேலைப்பாடு. பூஜை அன்று செல்போனுக்கு வந்த அதே பார்டர்.

எண்ணித் தைக்கும் பூ

25 வருடமாக எம்பிராய்டரி தொழிலில் இருப்பவர் அவர். டிசைன் என்றால் அவருக்குத் தெரிந்த வழி ஒன்று. படம் வரும், பஞ்சிங் செய்யும் பையன் அதைக் கம்ப்யூட்டரில் ஸ்டிச்சாக மாற்றுவான், ஃபிரேமில் துணியை மாட்டி, அடியில் பேக்கிங் பேப்பர் வைத்து ஓட்டுவார்கள்.

இங்கே ஃபிரேம் இல்லை. துணியில் பென்சில் கோடு இல்லை. பார்த்துத் தைக்க ஒரு படமும் இல்லை. அந்தப் பெண் துணியின் இழைகளை எண்ணிக் கொண்டே ஊசியை விடுகிறார். இத்தனை இழை தள்ளி உள்ளே, இத்தனை இழை தள்ளி வெளியே. துணியின் பின்பக்கத்திலிருந்து தைக்கிறார். நூலைக் கொஞ்சம் தளர்வாக விடுவதால் மறுபக்கம் புடைத்து எழுகிறது. முடிந்த துணியைத் தொலைவிலிருந்து பார்த்தால் ஊசி வேலை என்றே தெரியாது. தறியில் நெய்தது போல இருக்கும். இரண்டு பக்கமும் போர்த்திக் கொள்ளலாம்.

போர்வைக்குப் பேர் 'பூத்துக்குளி'. தோடர்கள் ஆணும் பெண்ணும் விசேஷங்களில் போர்த்துவது. துணியைத் தோடர்கள் நெய்வதில்லை; வாங்கிய பருத்தித் துணியில்தான் இந்த வேலை. எருமைக் கொம்பு, பட்டாம்பூச்சி, மயில், முயல் காது என்று ஒவ்வொரு வேலைப்பாட்டுக்கும் ஒரு பேர், ஒரு காரணம். எருமை தோடர்களுக்கு வெறும் பால் மாடு அல்ல. அவர்களது வழிபாடே எருமையையும் அதன் பால் வைக்கும் கோயிலையும் சுற்றித்தான். ஒருவர் இறந்தால், கடைசியாக அவர் மேல் போர்த்துவதும் வேலைப்பாடு செய்த இந்தப் போர்வையைத்தான்.

"ஒரு போர்வைக்கு எத்தனை நாள் ஆகுமுங்க?" என்றார் அவர்.

"வீட்டு வேலை, மாட்டு வேலை எல்லாம் பார்த்துட்டுத்தான் அண்ணா உக்காருவோம். ஒரு மாசமும் ஆகும், ரெண்டு மூணு மாசமும் ஆகும். வேலையைப் பொறுத்து."

அவர் செல்போனை எடுத்தார். மனைவி வேண்டாம் என்று கண் காட்டியும் அந்தப் போட்டோவைக் காட்டினார். அந்தப் பெண் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது எங்க ஆளுங்க போட்டதுதான். போர்வை நுனி. எதுக்கு அண்ணா?"

அவர் உண்மையைச் சொன்னார். மிஷின், 4000 பீஸ், ஸ்வெட்ஷர்ட் எல்லாவற்றையும். அந்தப் பெண் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் தைத்தார். பிறகு சொன்னார்: "மிஷின்ல போட்டது கடைக்கு வந்தாச்சு அண்ணா. டூரிஸ்ட் வந்து, அங்க கம்மி விலைக்குக் குடுக்கறான், நீ ஏன் இவ்வளவு சொல்றேன்னு எங்ககிட்ட கேக்கறாங்க. நாங்க என்ன பதில் சொல்றது?"

அவரிடமும் பதில் இல்லை. அப்பத்தாதான் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, துணியை விரலால் தடவி, இழையை எண்ணிப் பார்த்துக் கொண்டிருந்தார்.

பவானியில் நடந்த கதை

ராத்திரி லாட்ஜில் கம்பளிக்குள் சுருண்டபடி அப்பத்தா தன் கதையைத் தொடங்கினார். அவருடைய பிறந்த ஊர் பவானி. அப்பா ஜமக்காளம் நெய்தவர்.

"எங்கப்பன் குழித்தறியில உக்காந்து கோடு கோடா நெய்வாரு. கல்யாண வீடுன்னா எங்க ஜமக்காளம்தான். அப்புறம் வெளியூர்ல விசைத்தறியில அடிச்சு, அதே கோடு போட்டு, பவானி ஜமக்காளம்னே வித்தாங்க சாமி. பேரு நம்மூருது, துணி அவங்களுது. வெலையில பாதி. எங்கப்பன் தறி என்னாச்சு? வெறகாப் போச்சு."

பவானி ஜமக்காளத்துக்கு இன்று புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனால் குறியீடு வருவதற்கு முன்பே பல தறிகள் நின்றுவிட்டன. வந்த பிறகும் மலிவு நகல்களோடு போட்டி போட முடியாமல் நெசவாளர்கள் வேறு வேலைக்குப் போய்க் கொண்டேதான் இருந்தார்கள்.

"அந்தப் புள்ள கேட்டுச்சே, என்ன பதில் சொல்றதுன்னு. அதேதான் எங்கப்பனும் கேட்டாரு" என்று சொல்லிவிட்டு அப்பத்தா திரும்பிப் படுத்துக் கொண்டார்.

எம்பிராய்டரிக்காரருக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. கண்ணை மூடினால் ஒரு பக்கம் தவணைத் தேதி, மறுபக்கம் குழித்தறி.

சட்டம் என்ன சொல்கிறது?

மகள்தான் காலையில் செல்போனில் தேடிப் படித்துச் சொன்னாள். தோடர் எம்பிராய்டரிக்கு 2013 மார்ச்சில் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. தோடர் நலவாழ்வு சங்கம், கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளை, அரசின் பூம்புகார் நிறுவனம் மூன்றும் சேர்ந்து வாங்கியது.

இந்தச் சட்டம் 1999ல் இயற்றப்பட்டு 2003ல் நடைமுறைக்கு வந்தது. முக்கியமாக இது காப்பாற்றுவது பேரை. அந்த ஊரில், அந்த மக்கள், அந்த முறையில் செய்யாத பொருளை அந்தப் பேர் சொல்லி விற்றால் அது தண்டனைக்குரிய குற்றம். மிஷினில் அடித்துவிட்டு 'தோடா எம்பிராய்டரி' என்று டேக் மாட்டக் கூடாது.

பேர் போடாமல் வேலைப்பாட்டை மட்டும் எடுத்தால்? அங்கேதான் சட்டத்தின் கை கொஞ்சம் தளர்ந்து போகிறது. தலைமுறை தலைமுறையாக வரும் ஒரு டிசைனுக்குத் தனி ஒருவர் சொந்தக்காரர் இல்லை; அதனால் சினிமாப் பாட்டுக்கு உள்ளது போன்ற காப்புரிமை அதற்கு எளிதில் கிடைப்பதில்லை. இந்த ஓட்டைக்குள்தான் பெரிய பிராண்டுகள் நுழைகின்றன.

2025 ஜூனில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். இத்தாலியின் பிராடா நிறுவனம் மிலான் ஃபேஷன் மேடையில் ஒரு செருப்பைக் காட்டியது. பார்த்தவுடன் நம் ஊர்க்காரர்கள் சொல்லிவிட்டார்கள், இது கோலாப்பூர் செருப்பு என்று. கோலாப்பூர் பேர் எங்கேயும் இல்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான், இந்தியக் கைவினையிலிருந்து எடுத்த யோசனை என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது.

"அப்ப பேரு போடலைன்னா சட்டப்படி தப்பில்லையா பாப்பா?" என்றார் அப்பா.

"சட்டப்படி மாட்டாம இருக்கலாம்பா" என்றாள் மகள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

பாலாடா அருங்காட்சியகம்

ஊட்டியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் முத்தோரை பாலாடா. அங்கே அரசின் பழங்குடியினர் ஆய்வு மையமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. படகு இல்லத்தில் நிற்கும் கூட்டத்தில் நூறில் ஒரு பங்குகூட இங்கே வருவதில்லை. வந்தால் அரை நாள் போதாது.

கோத்தர்கள் நீலகிரியின் கைத்தொழில்காரர்கள். இரும்பு வேலை, மர வேலை, மண்பாண்டம், இசை எல்லாம் அவர்கள் கையில். மண்பாண்டம் செய்வது பெண்கள். ஒரு காலத்தில் தோடரின் சாவுக்கும் கோத்தரின் குழல் ஒலிக்கும். படகரின் வயலுக்குக் கோத்தரின் கலப்பைக் கொழு போகும். தோடரின் நெய் எல்லார் வீட்டுக்கும் வரும். ஒருவரிடம் இருப்பதை மற்றவர் கேட்டு வாங்கி, பதிலுக்கு ஒன்று கொடுத்துத்தான் இந்த மலை வாழ்ந்திருக்கிறது.

குறும்பர்களின் ஓவியம் இன்னொரு வகை. ஆலு குறும்பர்கள் கோத்தகிரிப் பக்கச் சரிவுகளில் இருப்பவர்கள். அவர்களது ஊரான வெள்ளரிக்கொம்பை பக்கத்தில் பழைய பாறை ஓவியங்கள் உள்ளன. அந்த மரபில் வந்தவர்கள் செம்மண், வேங்கை மரத்துப் பிசின், இலைச்சாறு என்று காட்டில் கிடைப்பதைக் கொண்டே வரைகிறார்கள். தேன் எடுக்கப் பாறையில் கயிற்றில் தொங்கும் ஆட்கள், ஆட்டம், வீடு, விலங்கு. வரைகிறவர்கள் மிகச் சிலரே.

எம்பிராய்டரிக்காரர் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். உள்ளே ஒரு பூத்துக்குளி. "என்னங்க, டிசைன் மனசுல ஏத்திக்கிறீங்களா?" என்றார் மனைவி.

"இல்ல. எத்தனை ஸ்டிச் வரும்னு எண்ணிப் பாத்தேன். எண்ண முடியல."

சாமைச் சோறும் அவரை உதக்கமும்

ஊட்டி என்றால் சாக்லேட்டும் வர்க்கியும் என்று முடித்துவிடக் கூடாது. வர்க்கி நிச்சயம் வாங்க வேண்டியதுதான். அடுக்கடுக்காக மடித்த மாவை விறகு அடுப்பில் சுட்டு எடுக்கிறார்கள். டீயில் முக்கிச் சாப்பிட்டால் அதன் அருமை தெரியும். சாலையோரத்தில் மலைக் கொய்யா என்கிற தவிட்டுப்பழம் விற்கிறார்கள். கோலிக்குண்டு அளவு, புளிப்பும் இனிப்பும் கலந்த ருசி.

ஆனால் உண்மையான மலைச் சாப்பாடு வீடுகளில்தான் இருக்கிறது. திரும்பும் வழியில் கோத்தகிரிப் பக்கம் ஒரு படகர் ஹட்டியில், முன்பு திருப்பூரில் வேலை பார்த்த நண்பர் வீட்டில் மதியச் சாப்பாடு. படகர் ஊரை 'ஹட்டி' என்றுதான் சொல்வார்கள். புரட்டாசி மாதம் என்பதால் கவுச்சி வேண்டாம் என்று முன்பே சொல்லியாயிற்று.

ராகிக் களி வந்தது. படகர் பேச்சில் 'எரகி ஹிட்டு'. நடுவில் குழி பறித்து நெய். கூட அவரைக் கொட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் செய்த 'அவரை உதக்க' குழம்பு. அந்த வீட்டு மசாலாவின் வாசனை கோயம்புத்தூர் மசாலாவைப் போல இல்லை. கொஞ்சம் கருக வறுத்த வாசனை. பிறகு சாமைச் சோறும் தயிரும். கடைசியில் எண்ணெயில் பொரித்த இனிப்பு அப்பம், 'துப்பதிட்டு'.

தோடர் வீடுகளில் சாப்பாடு வேறு மாதிரி என்றார் நண்பர். அவர்கள் மரபுப்படி சைவம். மோரில் வெந்த சோறு, வெண்ணெய், நெய் என்று எல்லாம் எருமையைச் சுற்றியே. ஆனால் புல்வெளியில் சீகை மரமும் தைல மரமும் தேயிலையும் வந்த பிறகு மேய்ச்சல் குறைந்தது, எருமை குறைந்தது. "எருமை கொறஞ்ச வீட்டுல ஊசி வேலைதான் கைச்செலவுக்கு" என்றார் அவர்.

எம்பிராய்டரிக்காரர் களியை உருட்டிய கையை அப்படியே நிறுத்தி, நண்பரின் முகத்தைப் பார்த்தார். பிறகு சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, வெளியே தேயிலைத் தோட்டத்து ஓரம் போய் மெர்ச்சண்டைசருக்குப் போன் போட்டார்.

ஒரு போன் பேச்சு

"தம்பி, அந்த பார்டர் தோடர் ஜனங்களுது. டேக்ல என்ன பேர் போடறாங்க?"

"தோடா எம்பிராய்டரின்னுதாண்ணா. பையர் கேட்டது."

"அந்தப் பேர் போட்டா சட்டப்படி தப்பு. நாளைக்கு யாராச்சும் கேஸ் போட்டா உங்க கம்பெனியும் மாட்டும், பையரும் மாட்டுவான். இதை உங்க மேனேஜர்கிட்டச் சொல்லுங்க."

"சரி, பேரை எடுத்துடச் சொல்றேன். டிசைன் அதையே போட்டுடலாமா?"

இந்தக் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். ஆமாம் என்று சொன்னால் 4000 பீஸ்.

"அது வேண்டாம் தம்பி. ரெண்டு வழி சொல்றேன். சிவப்பு கறுப்புல நானே புதுசா ஒரு பார்டர் பஞ்சிங் பண்ணித் தர்றேன், யாருதும் இல்லாம. இல்லைன்னா, பையருக்கு இதுதான் வேணும்னா, கொஞ்சம் பீஸ் மட்டும் அவங்க கையாலயே போடச் சொல்லி வாங்கி, பேட்ச்சா வச்சுத் தெச்சுக் குடுக்கலாம். வெலை கூட ஆகும், நாளாகும். ஆனா அப்ப தைரியமா டேக்ல பேர் போடலாம். யாரைக் கேக்கணும்னு நான் சொல்றேன்."

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "பேசிட்டுச் சொல்றேண்ணா" என்று போன் வைக்கப்பட்டது.

காரில் ஏறியதும் மனைவி கேட்டார்: "தவணைக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"தெரியல."

கோத்தகிரி மலைப்பாதையில் கார் இறங்கியது. கீழே பவானிசாகர் பக்கச் சமவெளி வெயிலில் மின்னியது. பின்சீட்டில் அப்பத்தா தூங்கிவிட்டார். அவர் மடியில், மந்தில் அந்தப் பெண்ணிடம் விலை பேசாமல் வாங்கிய சின்னப் பர்ஸ் ஒன்று.

பிறகு?

நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. பேட்ச் யோசனை பையருக்குச் சரிப்படவில்லை. டெலிவரி தேதி போதாது. புது பார்டர் சாம்பிளை அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினார். 1500 பீஸுக்கு ஆர்டர் வந்தது. மீதி 2500 வேறு யூனிட்டுக்குப் போனதா, போனால் அங்கே எந்த பார்டர் ஓடியது என்று அவர் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்ல மாட்டார்கள்.

அந்த மாதத் தவணைக்கு மனைவியின் வளையல் ஒன்று அடகுக்குப் போனது. தை மாதத்துக்குள் மீட்டுவிடலாம் என்று இருவரும் பேசிக் கொண்டார்கள். இதில் யாரும் அவருக்குப் பொன்னாடை போர்த்தவில்லை. தொழில் நடக்கிற ஊரில் இதற்கெல்லாம் பேர் 'பொழைக்கத் தெரியாதவன்'.

யூனிட்டில் பஞ்சிங் செய்யும் பையன் மட்டும் அந்தப் பர்ஸை வாங்கி லென்ஸ் வைத்துப் பார்த்தான். "அண்ணா, ஒரே மாதிரி தெரியுது, ஆனா ரெண்டு கொம்பும் ஒரே மாதிரி இல்லை" என்றான்.

"அதான் கை" என்றார் அவர்.

நீங்கள் போவதாக இருந்தால்

* இ-பாஸ் எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். தண்ணீருக்குச் செம்போ எவர்சில்வர் பாட்டிலோ போதும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் மலைப்பாதை நிலவரம் கேட்டுவிட்டுப் போங்கள்.

* மந்துக்குப் போனால் அது ஒருவரின் வீடு என்பதை மறக்க வேண்டாம். கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். கோயில் எல்லைக்குள் கால் வைக்காதீர்கள்.

* கை வேலையா, மிஷின் வேலையா என்று பார்க்க ஒரு வழி: துணியைத் திருப்புங்கள். மிஷின் வேலையில் பின்பக்கம் பாபின் நூல் தனியாகத் தெரியும், அடியில் வைத்த பேப்பரின் மிச்சம் ஒட்டியிருக்கும். தோடர் வேலையில் இரண்டு பக்கமும் சுத்தமாக இருக்கும். நூல் சற்றுப் புடைத்திருக்கும். ஒவ்வொரு உருவமும் இம்மி வித்தியாசப்படும்.

* நேரடியாகத் தோடர் பெண்களிடம் வாங்குங்கள். இல்லையென்றால் பூம்புகார் விற்பனை நிலையம், அல்லது கீஸ்டோன் அறக்கட்டளையிலிருந்து உருவான லாஸ்ட் ஃபாரஸ்ட் கடை. மலைத்தேனும் இங்கே கிடைக்கும்.

* முழுப் போர்வை வாங்க எல்லாருக்கும் முடியாது. பர்ஸ், செல்போன் பை, மேசை விரிப்பு என்று சின்னப் பொருளும் செய்கிறார்கள். வாங்கும்போது விலையைக் குறைக்கச் சொல்லும் முன், அதைத் தைக்க எத்தனை நாள் ஆனது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

* பாலாடா அருங்காட்சியகத்துக்கு அரசு விடுமுறை இல்லாத நாளாகப் பார்த்து, பிள்ளைகளோடு போங்கள். படகு இல்லத்தைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்.